டால்மனா, குரோம்லெக்கா?

நெருங்கிய பொருளுள்ள இரு சொற்களில் எதை எடுத்தாலும் பாதகமில்லை என்று மொழி கற்பவர்கள் எண்ணுவதுண்டு. பழனி மலையின் பெருங்கற்சின்னங்களுக்குப் பெயர் வைத்த வரலாறு இதை மறுக்கிறது. பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றிய சின்னம் பிரெஞ்சில் ‘டால்மன்’. வட்டமாக நட்ட கற்களே ‘குரோம்லெக்’. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரோ மூடுகல் ஏறிய சின்னத்தையே குரோம்லெக் என்றார்கள். தக்காணத்துச் சின்னங்களை விவரித்த மெடோஸ் டெய்லரும், நீலகிரியைப் பற்றி 1873இல் வெளிவந்த நூலில் பிரீக்சும் அந்தச் சொல்லையே ஆண்டார்கள். ஆங்கிலப் பழக்கத்தோடு பிரெஞ்சுக்குப் போகிறவர் அங்கும் குரோம்லெக் என்று எழுதினால், படிப்பவர் மலையில் கல்வட்டத்தைத்தான் தேடுவார்.

ஏசு சபையினர் 1895இல் பழனி மலையிலுள்ள செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அச்சபையைச் சேர்ந்த அங்லாத் பாதிரியார், நியூட்டன் என்பவருடன் சேர்ந்து இம்மலைச் சின்னங்களை ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அதன் தலைப்பில் நின்ற சொல் டால்மன். அதற்குள் ஆங்கில வழக்கும் பிரெஞ்சின் பக்கம் சாய்ந்திருந்ததால் பெருமை முழுவதும் ஆசிரியர்களுடையதல்ல. ஆனாலும் தேர்வு பொருத்தமானது. இங்குள்ள பல சின்னங்கள் பாறைமீது, தரைக்கு மேலே, பெட்டிபோல் நிற்பவை. அந்த வடிவத்தை ஐயமின்றிக் காட்டும் சொல் அதுவே.

டால்மனும் பிரெட்டன் மொழிவழி வந்த சொல்தானே, நம் மலைக்கு அது எதற்கு என்று கேட்கலாம். அயற்சொல்லோடு அயல்நாட்டுக் கதையும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் வீணல்ல. டெய்லர் 1865இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே இச்சின்னங்களைக் கெல்ட்டியரோடும் துருயிதுப் பூசாரிகளோடும் சிதியரோடும் இணைத்துப் பேசியது. ஆனால் அந்தப் பிழை, சொல்லைக் கொண்டு வம்சம் கணித்ததில் நேர்ந்தது. வடிவத்தைக் குறிக்க மட்டும் ஆளும்போது சொல் யாருடைய பூர்வீகத்தையும் முடிவுசெய்வதில்லை. தமிழிலும் இதே கண்டிப்பு தேவைப்பட்டது. நம் தொல்லியலாளர்கள் தரைக்கு மேல் நிற்பதைக் கல்திட்டை என்றும், மண்ணுள் புதைந்ததைக் கற்பதுக்கை என்றும் பிரித்தார்கள். பதுக்கை சங்கப் பாடல்களிலேயே உள்ள சொல். அதன் பழமையை மதித்து இரண்டுக்கும் அதையே வைத்திருந்தால், இதே மலையிலுள்ள தாண்டிக்குடியின் சின்னங்களைப் பற்றிப் படிப்பவருக்கு எது மேலே, எது கீழே என்பதே விளங்காது. ஆகவே சொல்லின் ஊரும் வயதும் இரண்டாம்பட்சம். அது எதை எதிலிருந்து பிரித்துக் காட்டுகிறது என்பதே தேர்வுக்கு அளவுகோல்.