வழக்கறிஞர் இல்லாத வாய்தாவில் கேட்க வேண்டியவை

சாதி வன்கொடுமைக்கு எதிராகப் புகார் கொடுத்தவர்கள் மீதே எதிர் வழக்குப் பதிவாவது நாம் நன்கறிந்த நடைமுறை. அவ்வாறு குற்றம் சாட்டப்பட்டோரில் பலர் வழக்கறிஞர் இன்றியே நீதித்துறை நடுவர் முன் நிற்கின்றனர். சாட்சி விசாரணையின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் வாய்தாக்களில் மௌனமாக இருந்துவிடுகின்றனர். ஆனால், அதற்கு முந்தைய கட்டத்தின் முக்கிய உரிமைகள் நாள் கணக்கோடு பிணைக்கப்பட்டவை. உரிய நாளில் கேட்காவிட்டால் கைநழுவிப் போகும். அவற்றைக் குற்றம் சாட்டப்பட்டவரே நேரடியாகக் கேட்கலாம்.

2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். இந்த மௌனத்தின் விலை சிறை நாட்கள்.

சட்ட உதவி

முதல் மனு, வழக்கறிஞர் கேட்கும் மனுவாகவே இருக்க வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவுப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. கேட்கவில்லை என்பதற்காக இவ்வுரிமை மறைந்துவிடாது. அதை எடுத்துரைப்பது நீதிமன்றத்தின் கடமை என்று சுக்தாஸ் வழக்கில் (1986) உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்கறிஞர் இன்றி நடந்த விசாரணையில் விதிக்கப்பட்ட தண்டனையையும் ரத்து செய்தது. எனினும், வழக்கறிஞர் நியமிக்கப்படும்வரை சட்டத்தின் கெடு காத்திருப்பதில்லை.

பிணை

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3) பிரிவு, பழைய சட்டத்தின் 167(2), மிக முக்கியமானது. மரண தண்டனை, ஆயுள் சிறை, அல்லது 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றமெனில் 90 நாட்களுக்குள்ளும், ஏனையவற்றில் 60 நாட்களுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். தவறினால் பிணை என்பது சலுகையன்று, உரிமை. ‘உபா’ போன்ற சிறப்புச் சட்டங்களில் இக்கெடு நீட்டிக்கப்படலாம். காவலுக்கு அனுப்பப்பட்ட நாளும் கணக்கில் சேரும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

கெடு முடிந்தும் கேட்காமலிருந்து, மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் இவ்வுரிமை போய்விடும். முந்திக் கேட்டிருந்தால், அதன்பின் தாக்கலாகும் குற்றப்பத்திரிகையால் அதைப் பறிக்க முடியாது. சென்னையிலிருந்து சென்ற ரவீந்திரன் வழக்கில் (2020) இது உறுதியானது. வாய்மொழியாகக் கேட்டாலே போதும் என்கிறது ராகேஷ் குமார் பால் தீர்ப்பு (2017). எனவே, காவல் நீட்டிப்புக்கு நிறுத்தப்படும்போதே, “கெடு முடிந்துவிட்டது, பிணை வேண்டும்” என்று சொல்லி, அதைப் பதிவு செய்யுமாறு கோரலாம். ஆணை கிடைத்ததும் பிணைதாரர் முதலிய நிபந்தனைகளை உடனே நிறைவேற்ற வேண்டும்.

479ஆவது பிரிவுப்படி, குற்றத்திற்குரிய அதிகபட்சச் சிறைக்காலத்தில் பாதியைக் கழித்தவரும், முன்பு தண்டிக்கப்படாதவராயின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரும் பிணை பெறலாம். மரண தண்டனை, ஆயுள் சிறைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இவ்வழி அடைபடும். ஒருவர் மீதே வழக்குகள் அடுக்கப்படும்போது நேரும் பெரிய இழப்பு இது.

நகல்களும் விடுவிப்பு மனுவும்

230ஆவது பிரிவின்கீழ், முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், காவல்துறை சார்ந்திருக்கும் ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை, முன்னிலையான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் இலவசமாகத் தர வேண்டும். விடுபட்ட பக்கங்களைப் பட்டியலிட்டு மனுச் செய்யாமல், எல்லாம் பெற்றதாகக் கையெழுத்திடக் கூடாது.

நகல் பெற்றபின் அடுத்த கெடு தொடங்குகிறது. இரண்டாண்டுக்கு மேல் தண்டனைக்குரிய, நடுவரே விசாரிக்கும் காவல்துறை வழக்குகளில், நகல் வழங்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரலாம் (பிரிவு 262). அமர்வு நீதிமன்ற வழக்குகளில், வழக்கு அங்கு ஒப்படைக்கப்பட்டதிலிருந்து 60 நாட்கள் (பிரிவு 250). பழைய சட்டத்தில் இக்கெடு இல்லை.

இம்மனுவில், “நான் அன்று ஊரில் இல்லை” என்று சான்று காட்டுவது பயன்தராது. இக்கட்டத்தில் எதிரித் தரப்பு ஆவணங்களைப் பரிசீலிக்க இயலாது என்று தேவேந்திரநாத் பாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துள்ளது. காவல்துறையின் தாள்களுக்குள்ளேயே வாதம் அமைய வேண்டும்: எந்தச் சாட்சியும் பெயர் சொல்லவில்லை, பெயர் மட்டும் உண்டு, செயல் இல்லை, சாட்டப்பட்ட பிரிவின் கூறுகள் வாக்குமூலங்களில் இல்லை. கூட்டமாகப் பெயர் சேர்க்கப்படும் எதிர் வழக்குகளில் இத்தகைய ஓட்டைகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மனு எழுதும் முறை

தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்திற்குக் கீழுள்ள நீதிமன்றங்களில் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். வழக்கு எண், சட்டப்பிரிவு, நாட்களின் கணக்கு, கோரிக்கை ஆகிய நான்கும் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் போதும். ஒரு படியில் பெற்றுக்கொண்ட தேதியும் நேரமும் குறிக்கப்பட வேண்டும். சிறையிலிருப்போர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அனுப்பலாம்.

சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வழக்கறிஞர் இன்றியமையாதவர். அதுவரை உரிமைகளைக் காப்பது நாட்காட்டிதான். கைதான நாள், 60ஆம் நாள், 90ஆம் நாள், நகல் பெற்ற நாள் ஆகியவற்றை ஒவ்வொரு வழக்கிற்கும் குறித்து வைத்துக் குடும்பத்தாரிடம் தருவது, சட்டம் படிக்காத தோழரும் செய்யக்கூடிய பணி.