கைப்பழக்கம்

எங்கள் கல்லூரியின் மின்னணுவியல் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உடைந்த வால்வுகள், ஓடாத மீட்டர்கள், இவற்றுக்கு நடுவே கையகலத்தில் ஒரு சட்டம். சட்டத்துக்குள் சல்லடை போல மெல்லிய செப்புக் கம்பிகள். கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் இடமெல்லாம் கடுகைவிடச் சிறிய கறுப்பு வளையம். "கோர் மெமரி, பழைய கம்ப்யூட்டருடையது" என்றார் பேராசிரியர். இத்தனை வளையத்தையும் எப்படி சார் கோர்த்தார்கள் என்று கேட்டேன். "மெஷின் இருந்திருக்கும்மா" என்றார். அறுபது பேர் இருந்த வகுப்பில் நாங்கள் ஏழு பெண்கள். தையலும் எம்ப்ராய்டரியும் படித்துவிட்டு வந்தவர்கள்தான். இது கைவேலை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபது வருடம் நானும் மெஷின் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சட்டம் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஃபெரைட் வளையத்தை வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ காந்தமாக்கலாம். ஒரு திசை 0, எதிர்த்திசை 1. நெடுக்கே ஒரு கம்பி, குறுக்கே ஒரு கம்பி. இரண்டிலும் பாதிப் பாதி மின்னோட்டத்தை அனுப்பினால், இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டும் திசை மாறும். அந்த வளையம் திசை மாறியதா என்று அறிய, எல்லா வளையங்களுக்குள்ளும் மூலைவாட்டில் நுழைந்து போகும் இன்னொரு கம்பி. 64க்கு 64 என்று அமைந்த சட்டத்தில் 4,096 வளையங்கள். இன்றைய கணக்கில் அது அரை கிலோபைட். இந்தப் பத்தியைத் தமிழில் சேமிக்கக்கூட அது போதாது. ஆனால் 1953இல் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினியில் பொருத்தப்பட்டதிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, உலகின் பெரும்பாலான கணினிகள் இப்படிப்பட்ட சட்டங்களை நம்பித்தான் ஓடின.

கண்டுபிடித்தவர்கள் யார் என்பதில் வரலாற்றுக்குக் குழப்பமில்லை. ஜே ஃபாரஸ்டர், ஆன் வாங் என்று பெயர்கள் இருக்கின்றன, காப்புரிமைகள் இருக்கின்றன, வழக்குகள்கூட இருக்கின்றன. ஃபாரஸ்டரின் காப்புரிமைக்காக 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் எம்.ஐ.டி.க்கு 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்தது. கோர்த்தவர்கள் யார் என்று கேட்டால் நூல்கள் செயப்பாட்டு வினைக்கு மாறிவிடும். வளையங்கள் கோர்க்கப்பட்டன. கம்பிகள் பற்றவைக்கப்பட்டன. பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்த பிறகுதான் எனக்கு எழுவாய் கிடைத்தது. நீள மேசைகள், வரிசையாக நுண்ணோக்கிகள், ஒவ்வொன்றின் முன்பும் குனிந்த தலையோடு ஒரு பெண். நேர்க்கம்பிகளைச் செருகக் கருவிகள் வந்த பிறகும் மூலைவாட்டுக் கம்பி பெரும்பாலும் கையால்தான் கோர்க்கப்பட்டது. (பாருங்கள், எனக்கும் செயப்பாட்டு வினை வந்துவிடுகிறது.) கடுகளவில் தொடங்கிய வளையம் ஆண்டுக்காண்டு சிறுத்து, ரவை அளவுக்கும் கீழே போனது. ஒரு பிட்டுக்கு ஒரு டாலர் என்றிருந்த விலை ஒரு சென்ட் வரை இறங்கியது. விலை இறங்கியதற்குத் தொழில்நுட்ப முன்னேற்றம் ஒரு காரணம். வேலை ஜப்பான், ஹாங்காங், தைவான் என்று கூலி குறைந்த கைகளைத் தேடிக் கிழக்கே நகர்ந்தது இன்னொரு காரணம்.

இந்தப் பெண்களில் கொஞ்சம் பேர் மட்டும் கதைகளில் இடம்பிடித்திருக்கிறார்கள். நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் கணினிக்கு நினைவகம் செய்தவர்கள் அவர்கள். அது கோர் மெமரியின் ஒரு தங்கை, கயிற்று நினைவகம். கம்பி வளையத்துக்குள் நுழைந்து போனால் 1, வெளியே விலகிப் போனால் 0. ஒரே வளையத்தின் வழியே 192 கம்பிகள் வரை இப்படி நுழையவோ விலகவோ வேண்டும். ஒரு பெட்டகத்தில் 512 வளையங்கள், மொத்தம் 6 பெட்டகங்கள், 36,864 சொற்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரில், ரேதியான் நிறுவனத்தின் ஆலையில் இந்த வேலை நடந்தது. துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி இயந்திரம் சரியான வளையத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். கம்பி கட்டிய ஊசியைப் பெண் அதற்குள் செலுத்துவாள். பிறகு அடுத்த வளையம். ஒரு பெட்டகம் முடிய வாரக்கணக்கில் ஆகும். முடிந்ததும் பிசின் ஊற்றி இறுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு கம்பி தவறான பக்கம் போயிருப்பது தெரிந்தால் திருத்த வழியில்லை.

பொறியாளர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர் 'லிட்டில் ஓல்டு லேடி' மெமரி. கிழவி மெமரி என்று நாம் சொல்லலாம். கிண்டலா பாசமா என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவில் எங்கோ. அந்தப் பெண்களில் பலர் அதே வட்டாரத்தின் துணியாலைகளிலும் வால்தம் கடிகாரத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்கள். வால்தம் சாதாரண ஊர் இல்லை. பஞ்சு ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் துணியாக வெளியேறும் அமெரிக்காவின் முதல் முழுப் பருத்தி ஆலை 1814இல் ஓடத் தொடங்கியது அங்கேதான். அந்த ஆலையின் முதலாளிகள் பிறகு பக்கத்தில் எழுப்பிய லோவல் நகரில்தான் 1834இலும் 1836இலும் கூலிக் குறைப்பையும் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்துப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நுண்ணிய வேலையை நாளெல்லாம் பிசகாமல் செய்யும் பழக்கம் அந்த வட்டாரத்துப் பெண்களின் கையில் தலைமுறைகளாக ஏறியது, ஆலையின் மணியோசைக்கு நடுவே.

அப்போலோவின் மென்பொருளை வழிநடத்திய மார்கரெட் ஹாமில்டனை இப்போது எல்லோருக்கும் தெரியும். தன் உயரத்துக்கு அடுக்கிய தாள்கட்டின் அருகே அவர் நிற்கும் படம் புகழ்பெற்றது. 2016இல் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கம் பெற்றார். அவர் அதற்கு முழுத் தகுதியானவர். ஆனால் அந்தத் தாள்களில் இருந்ததைக் கம்பியாக்கியவர்களின் பெயர்களை நாமும் கேட்கவில்லை. 'அறிவியலில் பெண்கள்' என்று பட்டியல் போடும்போது பட்டம் பெற்றவர்களோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது.

அப்போலோ கதை தெரியவந்ததும் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை ஒப்புக்கொள்கிறேன். பெண்கள் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசினேன். நிலவுக்குப் போன கணினியை நெய்தது பெண்கள், நெசவே முதல் நிரல் என்றெல்லாம் சொன்னேன். நல்ல கைதட்டல். அதற்குப் பிறகு லிசா நாகமுரா 2014இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தேன். நான் மேடையில் சொன்ன அதே உவமையை 1969இலேயே ஒரு சிப் நிறுவனம் தன் விளம்பரப் புத்தகத்தில் அச்சடித்திருந்தது.

அந்த நிறுவனம் ஃபேர்சைல்டு. சிலிக்கான் பள்ளத்தாக்கின் தாய் நிறுவனம் என்று சொல்வார்கள். அது 1965இல் நியூ மெக்சிகோவில், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் ஷிப்ராக் என்ற ஊரில் ஓர் ஆலை தொடங்கியது. உச்சத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வேலை பார்த்தார்கள். மிகப் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். 1969இல் புதிய கட்டடம் திறந்தபோது வெளியிட்ட புத்தகத்தில் நவஹோ கம்பளம் ஒன்றின் படமும் ஒருங்கிணைந்த சுற்று ஒன்றின் படமும் இருந்தன. இரண்டின் கட்டங்களும் கோடுகளும் ஒன்றுபோலத் தெரியும். தலைமுறை தலைமுறையாகக் கம்பளம் நெய்த பெண்களுக்குச் சிப் வேலை பிறவியிலேயே கைவந்தது என்பதுதான் அதன் சாரம். பிறவியிலேயே வந்தது என்றால் பயிற்சிக்குக் கணக்கில்லை. திறமைக்குத் தனிக் கூலியும் இல்லை. அப்படியும் நடந்த பயிற்சிக்கு அரசின் பழங்குடி விவகாரத் துறை பணம் கொடுத்தது.

கம்பளத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அது விளம்பரப் புத்தகத்தில் இல்லை. நவஹோ சமூகத்தில் குலம் தாய்வழியில் வரும். ஆடுகளில் பெரும்பகுதி பெண்களுடையது. ஆடு இருந்தால் கம்பளி, கம்பளி இருந்தால் தறி, தறி இருந்தால் கையில் காசு. 1933இல் தொடங்கி, மேய்ச்சல் நிலம் அழிகிறது என்று சொல்லி, அமெரிக்க அரசு அந்த மந்தைகளைக் குறைத்தது. வாங்கிய ஆடுகளை ஓட்டிச்செல்லச் செலவாகும் என்று பல இடங்களில் அங்கேயே கொன்று போட்டார்கள். வரலாற்றாசிரியர் மார்ஷா வைசிகர் இதைப் பற்றி முழு நூலே எழுதியிருக்கிறார். பெண்களிடம் கேட்காமல் எடுத்த முடிவு அது, அவர்களின் பொருளாதார முதுகெலும்பை முறித்தது. முப்பது வருடம் கழித்து அதே பெண்களின் மகள்கள் வேலை தேடி நின்றபோது, 'உங்களுக்குத்தான் நெசவு ரத்தத்தில் இருக்கிறதே' என்று ஆலை அழைத்தது. ஆட்டை அழித்தவர்கள் வேறு, ஆலை வைத்தவர்கள் வேறு என்று வாதிடலாம். கூலி ஏன் அவ்வளவு குறைவாக இருக்க முடிந்தது என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

1975 தொடக்கத்தில் 140 பேரை நிறுவனம் வேலையிலிருந்து நிறுத்தியது. பிப்ரவரி இறுதியில் அமெரிக்க இந்திய இயக்கத்தினர் ஆயுதங்களோடு ஆலைக்குள் நுழைந்து ஒரு வாரம் அதைக் கைப்பற்றி வைத்திருந்தார்கள். அவர்கள் வெளியேறினார்கள். நிறுவனமும் வெளியேறியது, திரும்பவில்லை. ஆசியாவில் அதற்கு ஏற்கெனவே ஆலைகள் இருந்தன.

அங்கே இதே பாட்டு வேறு ராகத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. 1972இல் மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கேதான் வைத்தது. முதலீட்டாளர்களை ஈர்க்க அச்சடித்த மலேசியப் பிரசுரம் ஒன்று, கீழைநாட்டுப் பெண்ணின் விரல் நுணுக்கத்தை இயற்கையின் கொடையாகப் புகழ்ந்தது. நவஹோ பெண்ணுக்குக் கம்பளம் காரணம், மலாய்ப் பெண்ணுக்குச் சிறிய கை காரணம். 1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் எழுதிய கட்டுரை இந்தப் புகழ்ச்சியின் மேல் தோலை உரித்தது. பெண்ணின் விரல் பிறவியில் சுறுசுறுப்பானதல்ல என்றார்கள் அவர்கள். வீட்டில் சிறுவயதிலிருந்து தைக்கவும் பின்னவும் பழக்குகிறார்கள். அந்தப் பயிற்சி வீட்டுக்குள் நடப்பதால் பயிற்சியாகக் கண்ணில் படுவதில்லை. ஆண் தொழிற்கல்வி நிலையத்தில் கற்றுவந்தால் அது திறன், பெண் அம்மாவிடம் கற்றுவந்தால் அது சுபாவம்.

சுபாவம் என்று புகழப்பட்ட உடல்கள் என்ன பாடுபட்டன என்பதை ஐவா ஓங் 1987இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் எழுதினார். நுண்ணோக்கியில் குனிந்திருந்த பெண்கள் திடீரென்று அலறினார்கள். பேய் பிடித்துவிட்டது என்றார்கள். ஆவி லென்ஸ் வழியே வந்ததாகச் சொன்ன பெண்களும் உண்டு. நிர்வாகம் மாந்திரீகரை அழைத்து ஆடு பலியிட்டது, மயக்க மருந்து கொடுத்தது, திரும்பத் திரும்ப 'பேய் பிடித்தவர்களை' வீட்டுக்கு அனுப்பியது. நுண்ணோக்கியில் பார்க்கும் நேரம் குறையவில்லை.

அந்த வரிசையில் நம் ஊரும் சேர்ந்துவிட்டது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தபோது, மாவட்டம் தாண்டி வந்த இளம்பெண்கள் அங்கே கைபேசி பூட்டினார்கள். 2014இல் அது மூடப்பட்டது. இப்போது அதே வட்டாரத்தில் வேறு நிறுவனங்களுக்காக ஐபோன் பூட்டுகிறார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளிகள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றார்கள். 159 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. திருமணமான பெண்களை அங்கே பூட்டும் வேலைக்குச் சேர்ப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. விரல் பிறவிக் கொடை என்றால், தாலி ஏறியதும் அந்தக் கொடை எங்கே போகிறது?

அந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்த பெண் ஒருத்தியைச் செய்யாறு பேருந்தில் சந்தித்தேன். எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். கைபேசியின் உள்ளே சின்ன ஸ்குரூ முடுக்குவது அவள் வேலை. முதலில் எல்லாம் இடுக்கியிலிருந்து ஸ்குரூ நழுவி விழுமாம். விழுந்தால் தேடி எடுக்க வேண்டும், அதற்குள் லைனில் அடுத்த போன் வந்து நிற்கும்.

"எத்தனை நாள்ல சரியாச்சு?"

"கை பழக ஒரு மாசம் ஆச்சுக்கா. ராத்திரி ஹாஸ்டல்ல கண்ண மூடுனாலும் ஸ்குரூதான் தெரியும். சூப்பர்வைசர் சார் மட்டும், 'பூக்கட்டுற கைதானேம்மா, உங்களுக்கு இதெல்லாம் தானா வரும்'னுவார்."

"நீ நல்லா கட்டுவியா?"

சிரித்தாள். "எனக்குப் பூவே கட்ட வராதுக்கா. எங்க வீட்ல தம்பிதான் கட்டுவான்."

வந்தவாசி கூட்டுரோட்டில் இறங்கிக்கொண்டாள். இறங்கும்போது, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மெல்ல ஒருமுறை சுழற்றிவிட்டுத்தான் பையைத் தூக்கினாள்.