கற்றல் இழப்பு

கற்றல் இழப்பு என்பது, பள்ளிகள் நெடுங்காலம் மூடப்படுவதால் குழந்தைகள் புதியன கல்லாமல் போவதோடு, முன்பு கற்றவற்றையும் மறந்து வகுப்புக்குரிய நிலையிலிருந்து பின்தங்குவதைக் குறிக்கும் கல்வியியல் கலைச்சொல். கொரோனாப் பெருந்தொற்றால் தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் தொடங்கியமையால், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கடன் வாங்கிக் கழிக்கவும் பழக வேண்டிய இரண்டாம் வகுப்புக் குழந்தை அவற்றை அறியாமலே மூன்றாம் வகுப்பில் அமர்ந்தது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழக ஊரகப் பகுதிகளில் நடத்திய ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டதாகவும், அதில் கால்பங்கு அளவு, தன்னார்வலர்கள் குடியிருப்புகளிலேயே மாலை வகுப்பு நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் விளைந்ததாகவும் கண்டது. எனினும் இவை சராசரிகளே. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் கைவராமல் மேல்வகுப்புக்குச் சென்ற குழந்தைகளிடம் இவ்விழப்பு ஆண்டுதோறும் பெருகி, இடைநிற்றலுக்கும் வழிவகுக்கக்கூடியது.