பெருநாடிப் பிளவும் ஊவாத் தோட்ட மருத்துவமும் – ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தோட்டங்களின் நோய் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் கொள்ளைநோய்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வாந்திபேதி, அம்மை, கொழுக்கிப்புழு ஆகியன அவ்வரலாற்றில் தத்தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளன. அவை மனிதரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றவை; ஆதலின் தோட்ட முதலாளியும் அரசும் அவற்றை எண்ணிக் கணக்கெழுதினர். ஆயின், ஒருவரைத் தனியே, சில மணி நேரத்துள், முன்னறிவிப்பு எதுவுமின்றிக் கொண்டு செல்லும் நோய்களுக்கு அவ்வரலாற்றில் உள்ள இடம் யாது? இவ்வினாவைப் பெருநாடிப் பிளவு என்னும் ஒரு நோயை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பதுளை நகரும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும் இவ்வாராய்ச்சிக்குக் களமாகின்றன. கலைப்பீட மாணவன் மருத்துவம் பேசுவது வரம்பு மீறிய செயலாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும் ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்த வரலாறும், அப்பெயர் சிலரைச் சென்றடையாத வரலாறும் மருத்துவருக்கு மட்டும் உரியன அல்ல.

இதயத்திலிருந்து புறப்படும் முதன்மைக் குழாய் பெருநாடி. அதன் சுவர் மூன்று படைகளால் ஆயது. உட்படையில் ஒரு கிழிவு உண்டாகும்போது, இதயம் உந்தும் குருதி அக்கிழிவினூடே புகுந்து, சுவரின் படைகளைப் பிரித்துக்கொண்டு தனக்கெனப் பொய்வழி ஒன்றை அமைத்துக்கொள்கிறது. இப்பொய்வழி நீள நீள, பெருநாடியிலிருந்து கிளைக்கும் நாடிகளின் வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபடலாம். அதனாலேயே இந்நோய் பல முகங்களைக் காட்டுகின்றது. மூளைக்குச் செல்லும் நாடி அடைபட்டால் பாரிசவாதம் போலவும், காலுக்குச் செல்வது அடைபட்டால் கால் குளிர்ந்து விறைத்தது போலவும், இதயத்தின் நாடி அடைபட்டால் மாரடைப்பே போலவும் அது தோன்றும். ஆயினும் பெரும்பாலோரிடத்து முதற்குறி வலியே. தொடக்கத்திலேயே உச்சத்தை எட்டும் அவ்வலி நெஞ்சிலோ இரு தோட்பட்டைகளுக்கு இடையிலோ எழுந்து, சில வேளைகளில் முதுகு வழியே கீழிறங்கும். துணியைக் கிழித்தாற்போல என்று நோயாளர் பலர் கூறுவர். இரு கைகளின் நாடித்துடிப்பும் குருதியமுக்கமும் ஒவ்வாதிருத்தல் மற்றுமொரு குறி. பெருநாடி இதயவுறைக்குள் உடைந்து குருதி நிரம்புமாயின் மரணம் உடனடியாக நேரும். நெடுநாள் கவனிக்கப்படாத உயர் குருதியமுக்கமே இந்நோயின் தலையாய காரணம். மார்பான் நோய் போன்ற பிறவிக் குறைபாடுகளும் புகைத்தலும் பிற காரணங்களுட் சில.

இந்நோயின் எழுதப்பட்ட வரலாறு ஓர் அரசனின் உடலிலிருந்து தொடங்குகின்றது. 1760ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25ஆம் நாட் காலை, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜோர்ஜ் கென்சிங்டன் மாளிகையிலே கழிப்பறைக்குச் சென்றவர் அங்கேயே விழுந்து இறந்தார். அவருக்கு அப்போது 76 வயது. மறுநாள் உடலை அறுத்துப் பரிசோதித்த அரச மருத்துவர் பிராங்க் நிக்கல்ஸ், இதயவுறை உறைந்த குருதியால் நிரம்பியிருந்ததையும், பெருநாடியின் உட்புறத்தில் ஒரு கிழிவு இருந்ததையும், குருதி சுவரின் படைகளுக்கிடையே புகுந்திருந்ததையும் எழுதிவைத்தார். அதன் பின்னர் 1802இல் ஜெனீவாவின் மோனுவார் பிளவு என்ற கருத்துடைய சொல்லை வழங்கினார். 1819இல் பிரான்சின் லெனெக் அதனை நிலைபெறச் செய்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இந்நோயை நிச்சயமாக அறியும் வழி பிரேத பரிசோதனை ஒன்றே. அரசராயினும் இறந்த பின்னரே தம் நோய்க்குப் பெயர் பெற்றார். நூற்றாண்டுகள் கடந்தும், இறந்த பின்னரும் பெயர் பெறாதவர் உளர் என்பதே நமது கவனத்திற்குரியது.

இனி ஊவாவுக்கு வருவோம். நோயறிதல் என்னும் கலை இப்பகுதியில் முதலில் எதற்குப் பயன்பட்டது என்பதை நினைக்குந்தோறும் வியப்பே மிகுகின்றது. 1869இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. அவ்விலைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் கைக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறி, இங்கிலாந்திலே பேர்க்லி என்னும் அறிஞரின் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே நோய்க்குக் காரணமான பூஞ்சணத்துக்கு இலத்தீன் மொழியிற் பெயரிடப்பட்டுவிட்டது. பின்னர் 1880இல் அதனை ஆராய்வதற்கென்றே மார்ஷல் வார்ட் என்னும் விஞ்ஞானி இலங்கைக்கு அழைக்கப்பட்டார். இத்துணை முயற்சியும் கோப்பியைக் காக்கவில்லை என்பது வேறு செய்தி. மடுல்சீமையின் இலையொன்றுக்குக் கிடைத்த இந்த மருத்துவ மரியாதை, அவ்விலையின் கீழ் நின்று களை பிடுங்கிய தொழிலாளிக்கு எப்போது கிடைத்தது?

தொழிலாளருக்கான மருத்துவம் சட்டமாக உருப்பெற்றது 1872இல். அவ்வாண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்து, அவற்றுக்கு மருத்துவரையும் வைத்தியசாலைகளையும் ஏற்படுத்த வழிசெய்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தோர் பெருந்தொகையினராக மடிந்தமை இரு நாடுகளிலும் பேசப்பட்ட காலம் அது. 1880இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அரசின் பொறுப்பு கூட்டப்பட்டது. 1912இல் வேறு இரு சட்டங்கள் எழுந்தன. இவற்றின் வழி தோட்டந்தோறும் மருந்தகம், ‘டாக்டர் ஐயா’ என மக்கள் அழைத்த மருந்தாளர், ஆங்காங்கே சிறு வைத்தியசாலை என்னும் அமைப்பு உருவாயிற்று. 1916 முதல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் துணையுடன் நடந்த கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் தோட்டங்களை நாடி வந்தது. இவற்றாற் பயனில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. எத்தனையோ உயிர்கள் காக்கப்பட்டன. எனினும் இவ்வமைப்பின் உள்நோக்கை நாம் மறத்தலாகாது. வேலைக்கு ஆள் குறையாமற் பார்த்துக்கொள்வதே அதன் அடிப்படை. கொழுக்கிப்புழு இரத்தத்தைக் குறைக்கும். இரத்தம் குறைந்தால் கொழுந்து குறையும். பெருநாடி கிழிந்து ஒருவர் இறந்தால் பெயர்ப்பட்டியலில் ஒரு பெயர் குறையும், அவ்வளவே.

அன்றியும், தோட்டத்தில் நிகழும் பிறப்பு இறப்புகளைத் தோட்ட அதிகாரியே பதிவாளருக்கு அறிவிக்கும் தனிமுறை ஒன்று நெடுங்காலமாக வழக்கிலிருந்தது. மரணத்தின் காரணத்தை எழுதும் இடத்தில் மருத்துவன் கண்டறிந்ததற்குப் பதிலாக அருகிலிருந்தவர் சொன்னதே புகுவதற்கு இது வழிவகுத்தது. லயத்தில் உள்ளவர்கள் சொல்லக்கூடியது எது? நெஞ்சடைப்பு, வாயுப் பிடிப்பு, நெஞ்சுக்குத்து. இரவிலே காம்பராவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் இஞ்சியோ ஓமமோ கொதிக்கவைத்துக் கொடுப்பர். பொழுது விடிவதற்குள் அவர் மூச்சு அடங்கியிருக்கும். சந்தேகத்துக்குரிய மரணமாயினன்றி உடல் அறுத்துப் பார்க்கப்படுவதில்லை. ஆகவே பழைய பதிவேடுகளைப் புரட்டும் ஆராய்ச்சியாளன், இந்நோயின் பெயரைக் காணாமையால் நோயே இருக்கவில்லை என்று முடிவு கட்டுவானாயின் அது பெரும் பிழையாகும். பதிவேட்டின் மௌனத்துக்குக் காரணம் பதிவு செய்த முறையே.

மருத்துவ உலகில் இந்நோயின் கதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திரும்பியது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கியும் அவர்தம் குழுவினரும் பிளவுற்ற பெருநாடியை அறுத்துச் சீர்செய்த முறையை 1955இல் வெளியிட்டனர். 1965இல் வீற் என்பாரும் அவர்தம் துணைவரும், குருதியமுக்கத்தையும் இதயத் துடிப்பின் வேகத்தையும் மருந்தினாற் குறைத்தல் உயிர்காக்கும் என்று காட்டினர். 1970இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் நோயை இரு வகையாக்கினர்: இதயத்தை அடுத்து மேலெழும் பகுதி பிளவுற்றால் ஏ வகை, அப்பகுதி தப்பினால் பீ வகை. முன்னதற்கு உடனடி அறுவை. பின்னதற்குப் பெரும்பாலும் மருந்து. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சீ.ரீ. ஸ்கேன் முதன்முதலாக நோயாளி ஒருவரின் மூளையைப் படம் பிடித்தது. அப்பத்தாண்டுக்குள்ளேயே மார்பையும் காணும் வல்லமை பெற்றது. உயிருள்ளவரிடத்தே இந்நோயை விரைவில் அறிய அது வழிசெய்தது.

அதே ஆண்டுகளில் ஊவாத் தோட்டங்களில் நிகழ்ந்தவை எவை? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்கள் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973–74இல் தோட்டங்களைப் பட்டினி வாட்டியது. பட்டினியால் வாடியவரிடம் குருதியமுக்கம் பற்றிப் பேசுவார் யாருமில்லை. நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகள் விரிவடைந்தபோதும் தோட்ட மருத்துவம் தனியொரு தீவாகத் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே தங்கிற்று. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சில அரசின் பொறுப்புக்கு வந்தன. ஆயினும் பெரும்பாலான தோட்டங்களில் பழைய அமைப்பே தொடர்ந்தது.

டிபேக்கியின் முடிவுரைக் காலம் விசித்திரமானது. 2005ஆம் ஆண்டின் இறுதி நாளில், தமது 97ஆம் வயதில், அவருக்கே பெருநாடிப் பிளவு ஏற்பட்டது. வலியின் தன்மையைக் கொண்டு தம் நோயைத் தாமே ஊகித்தார். 2006 பெப்ரவரியில் அவர் வகுத்த வழியிலேயே அவருக்கு அறுவை நடந்தது. 2008 வரை வாழ்ந்தார். இத்தகைய நல்லூழ் வாய்த்தவர் உலகில் எத்தனை பேர்?

நோய் தாக்கிய முதல் இரு நாள்களில், சிகிச்சையற்ற ஏ வகை நோயாளர் நூற்றுவரில் மணிக்கு ஒருவரோ இருவரோ இறப்பர் என்பது பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்த கணக்கு. அண்மைய ஆய்வுகள் அதனைச் சற்றுக் குறைத்துக் கூறுகின்றன. எவ்வாறாயினும் இந்நோயில் தூரம் என்பது கிலோமீற்றரால் அளக்கப்படுவதன்று, மணியால் அளக்கப்படுவது. 1924இல் பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதை கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமானது. இதயத்தைத் திறந்து அறுவை செய்யும் நிலையங்களோ நெடுங்காலம் கொழும்பிலும், பின்னர் கண்டி, காலி போன்ற நகரங்களிலுமே அமைந்தன. லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, கொஸ்லந்தை ஆகிய இடங்களின் மேற்பிரிவுகளிலிருந்து பதுளைக்கு வருவதே முதற் பயணம். கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிச் சென்ற காலத்தை மூத்தோர் நன்கறிவர். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1990 என்னும் எண்ணுக்குரிய இலவச அம்புலன்ஸ் சேவை இவ்வகையில் பெரும் மாற்றமே. எனினும் மழைக்காலத்தில் தோட்டத்து மண்பாதை அந்த வாகனத்துக்கும் மண்பாதையே.

மற்றோர் இடர் இதனினும் நுட்பமானது. இந்நோயை மாரடைப்பு எனப் பிழையாகக் கருதி, உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால், குருதி பெருகி நோயாளியின் நிலை கேடுறும். மாரடைப்புக்கு உயிர் தரும் மருந்து இங்கு உயிர் பறிக்கக்கூடும். ஆகவே நெஞ்சுவலியுடன் வந்தவரிடம் வலி எவ்வாறு தொடங்கியது, எங்கே பரவியது எனக் கேட்டறிதல் இன்றியமையாதது. அவ்வினா நோயாளியின் மொழியிற் கேட்கப்படல் வேண்டும். தோட்டத்துத் தாய் ஒருத்தி ‘முதுகெல்லாம் கிழிச்சாப்புல இருக்கு’ என்று சொல்வது, மொழி தெரியாதவர் காதில் வெறும் முதுகுவலியாக மாறிவிடலாம். இங்கு மொழியுரிமை நோயறிதலின் ஒரு கூறாகிவிடுகின்றது.

குருதியமுக்கத்தை அளக்கும் கைப்பட்டி முறையை இத்தாலியின் ரிவா-ரொச்சி 1896இல் வெளியிட்டார். 1905இல் ரஷ்யாவின் கொரொட்கொவ் அதனுடன் கேள்குழாயை இணைத்தார். விலை குறைந்த எளிய கருவி அது. நாள்தோறும் கொழுந்துக் கூடையைச் சுமந்து மேடேறுவோரிடத்து உயர் குருதியமுக்கத்தை உரிய காலத்திற் கண்டு, மருந்தை இடைவிடாது வழங்குவதே இந்நோயைத் தடுக்கும் முதன்மை வழி. நோய் வந்தபின்னரும் அக்கருவிக்கு வேலையுண்டு. கைகள் இரண்டிலும் அளந்து, இருபது அலகுக்கு மேல் வேறுபாடு காணப்படின், பெருநாடியை ஐயுறுதல் தகும். வேறுபாடு இல்லாமையால் மட்டும் ஐயத்தை நீக்கிவிடல் தகாது. நோயாளியைப் பதுளைக்கு அனுப்பும் துண்டில் அவ்விரு எண்களும் வலி தொடங்கிய நேரமும் எழுதப்பட்டிருக்குமாயின், அங்கு அவரை ஏற்கும் மருத்துவர் மாரடைப்பு மருந்தை எடுக்குமுன் ஸ்கேன் அறையை நினைப்பார்.