சாய்தளத்தில் முதல் சுற்று: கற்பவரின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

திருவனந்தபுரத்தின் வடபுறத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தை ஒட்டி இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி அமைந்துள்ளது. 1985-இல் நிறுவப்பட்ட அக்கல்லூரியில், கிண்ணத்தின் விளிம்புபோல் வளைவுகளில் உயர்ந்து சரியும் கான்கிரீட் மிதிவண்டி ஓடுதளம் ஒன்று உண்டு. 2015 சனவரி 31 முதல் பிப்ரவரி 14 வரை கேரளத்தில் நடைபெற்ற 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தளப் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. போட்டிப் பதிவேடுகள் வென்றவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துவைக்கின்றன. அந்தச் சாய்வில் ஒருவர் முதன்முறை ஏறிய நாளை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை. விளையாட்டு வரலாற்றில் இது ஒரு பெரிய இடைவெளி என்பதே இப்பதிவின் கருத்து.

நம்மில் பெரும்பாலோர் சைக்கிள் கற்ற விதத்தை நினைத்துப் பார்ப்போம். மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த, உயரத்துக்குப் பொருந்தாத பெரிய வண்டி. அதன் சட்டத்துக்குள் காலை நுழைத்து ஓட்டிய குரங்குப் பெடல். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அண்ணனோ மாமாவோ. அந்தக் கல்வியின் முதல் பாடம் நிறுத்துவது. பயம் வந்தால் பிரேக்கைப் பிடி. இல்லையேல் காலை ஊன்று.

ஓடுதளம் இந்தப் பாடத்தைச் செல்லாததாக்கிவிடுகிறது. தளப் பந்தய வண்டிக்குப் பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். கால்களை ஓய்வாக வைக்க இயலாது. காலணியோ பெடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஆகவே புதிதாகக் கற்பவர் ஓரத்துக் கைப்பிடியைப் பற்றியபடியோ, பயிற்றுநர் தாங்கிப் பிடிக்கவோ வண்டியில் அமர்கிறார். தளத்தின் அடியில் உள்ள நீலப் பட்டையில் சில சுற்றுகள் ஓட்டிக் கால்களுக்கு அந்தச் சுழற்சியைப் பழக்குகிறார். பிறகு சுற்றின் நீளத்தை அளக்கும் கறுப்புக் கோடு, விரைவோட்டக்காரர்களின் சிவப்புக் கோடு, அதற்கும் மேலே நீலக் கோடு என்று படிப்படியாக ஏறுகிறார். எல்லோரும் இடப்புறமாகவே சுற்றுவதால், மேலேறுமுன் வலத்தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது கட்டாயம். வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னோக்கி மெல்ல அழுத்தலாம். அல்லது சாய்வில் சற்று மேலேறி ஈர்ப்பு விசையிடம் வேகத்தைக் கொடுத்துவிடலாம்.

இதில் மனம் ஏற்க மறுப்பது ஒன்றே: மெதுவாகப் போவதுதான் இங்கே ஆபத்து. 250 மீட்டர் சுற்றளவுள்ள உள்ளரங்கத் தளங்களில் வளைவின் சாய்வு ஏறத்தாழ 42 பாகை. நேர்ப்பகுதிகளிலும் 12 பாகை அளவுக்குச் சாய்வு இருக்கும். வளைவின் ஆரத்தை 22 மீட்டர் எனக் கொண்டால், உராய்வின் உதவியே இல்லாமல் வண்டி தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதற்குக் குறைந்த வேகங்களில் டயரின் பிடிப்பு மீதியை ஈடுகட்டும். வேகம் 25, 30 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினால் வளைவில் வண்டி வழுக்கக்கூடும். அச்சம் வந்தால் வேகத்தைக் குறை என்று உடல் சொல்லும்; வேகத்தைக் கூட்டு என்று தளம் சொல்லும். உடலின் சொல்லை மீறத் துணிவதே முதல் சுற்றின் பாடம். அதற்குத் துணையாக ஒரு பயிற்றுநரும், பாதுகாப்பான இடமும், திரும்பத் திரும்ப முயல நேரமும் தேவை.

அந்த இடம் யாருக்காகக் கட்டப்பட்டது என்னும் கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. மிதிவண்டியின் தொடக்க வரலாற்றில் கூரையிட்ட கூடம் கற்பவருக்கே உரியதாக இருந்தது. 1819-இல் இலண்டனில் டெனிஸ் ஜான்சன், காலால் தரையை உந்திச் செலுத்தும் தம் இருசக்கர வண்டிகளை விற்றதோடு, அவற்றை ஓட்டப் பழக்கும் பள்ளியையும் நடத்தினார். பெடல் பொருத்திய வண்டிகள் அமெரிக்காவில் பரவிய 1868-69-ஆம் ஆண்டுகளில், நகரங்களின் கூடங்களும் கிடங்குகளும் ஓட்டுநர் பள்ளிகளாயின. இரும்புப் பட்டையிட்ட மரச் சக்கரங்களுக்கு அக்காலத்துக் கல்தெருக்கள் ஒவ்வாதவை. வழவழப்பான மரத்தளமே பழகுவோருக்கு ஏற்றதாயிருந்தது.

பின்னர் அக்கூடங்களைப் பந்தயம் எடுத்துக்கொண்டது. 1878-இல் இலண்டன் இஸ்லிங்டன் வேளாண் அரங்கில் ஆறு நாள் பந்தயம் நடந்தது. 1891-இல் அது நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனுக்குச் சென்றது. 1899-இல் அங்கே உருவான இருவர் அணிப் பந்தயம் இன்றும் ‘மாடிசன்’ என்றே வழங்குகிறது. பயிற்சிக் கூடம் பார்வையாளர் கூடமாக மாறியபோது, யார் உள்ளே வரலாம் என்ற விதிகளும் இறுகின. 1894-இல் அமெரிக்க மிதிவண்டியாளர் கழகம் வெள்ளையர் அல்லாதோருக்கு உறுப்பினர் தகுதியை மறுத்தது. அந்தச் சூழலிலிருந்து எழுந்த கறுப்பின வீரர் மேஜர் டெய்லர், 1899-இல் மான்ட்ரியாலில் விரைவோட்ட உலக வாகையரானார். அவர் வெற்றியை வரலாறு கொண்டாடுகிறது. அதே விதியால் தளத்தில் ஏறவே வாய்ப்பின்றிப் போனவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பதில்லை.

இந்தியாவில் வரிசை தலைகீழானது. இங்கே போட்டி முதலில் வந்தது. கற்பவர் பின்னால் வந்தார். இந்திய மிதிவண்டி அணி முதன்முறையாக ஒலிம்பிக்கில் பங்கேற்றது 1948-இல். அவ்வாண்டின் தளப் பந்தயங்கள் இலண்டன் ஹெர்ன் ஹில் திடலில் நடந்தன. 1951-இல் தில்லி ஆசிய விளையாட்டுகளிலும் மிதிவண்டிப் போட்டி இருந்தது. 1982 ஆசிய விளையாட்டுகளுக்காக யமுனா வெலோட்ரோம் எழுந்தது. 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகத் தில்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் 250 மீட்டர் மரத்தளம் கூரைக்குள் அமைந்தது. போட்டி அட்டவணையே தளத்தின் பிறப்பைத் தீர்மானித்தது. காரியவட்டத் தளம் மக்கள் கண்ணில் பட்டதும் ஒரு போட்டியின் பொருட்டே.

இருப்பினும், அத்தகைய தளங்கள் கற்பவரின் கைக்கு வரும்போது என்ன நிகழும் என்பதற்குச் சான்று உண்டு. 2004 ஆழிப்பேரலையில் சிறுமியாகத் தப்பிய நிக்கோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்டு, பின்னாளில் இந்தியாவின் முன்னணி விரைவோட்ட வீராங்கனையானார். அதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். இருவரும் தில்லி மரத்தளத்தில் பயின்றவர்கள். போட்டி முடிந்தபின் ஒரு தளம் பயிற்சிக்குத் திறந்திருந்ததன் விளைவு இது. ஆனால் அதற்கு அவர்கள் கடல் கடந்து தலைநகருக்குச் செல்ல வேண்டியிருந்தது.

தொலைவு ஒரு தடை என்றால், திருவனந்தபுரத்தில் மழை இன்னொன்று. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் நகரம் இது. கான்கிரீட் நனைந்தால் டயரின் பிடிப்பு குறைகிறது. மேலே சொன்ன கணக்கின்படி, குறைந்த வேகத்தில் பிடிப்பையே பெரிதும் நம்பியிருப்பவர் புதிதாகக் கற்பவர். ஆகவே நனைந்த சாய்வு முதலில் விலக்குவது அவரைத்தான். கூரை என்பது வசதிக்கான அலங்காரம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மண்ணுக்குப் பாதையில் ஏறும் உரிமையின் வரலாறு புதிதன்று. 1893-இல் வெங்கானூரின் அய்யன்காளி, தலைப்பாகை அணிந்து வில்வண்டியில் ஏறி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் சென்றார். தமிழ்நாட்டில், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், சைக்கிள் பயிற்சியை எழுத்தறிவோடு இணைத்தது. முகாம்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினர். அவ்வியக்கம் பதக்கத்தை எண்ணவில்லை. புதிதாகக் கற்றவரை எண்ணியது. அதனால்தான் புதுக்கோட்டைப் பெண்கள் கற்ற கதை இன்று நமக்கு வரலாறாகக் கிடைக்கிறது. எதை எண்ணுகிறோமோ அதுவே ஆவணமாகிறது.

எனவே இதை வாசிக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உடற்கல்விக் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்கள், பயிற்றுநர்கள், தளத்தைப் பராமரித்த பணியாளர்கள் பலர் நம்மிடையே உள்ளனர். காரியவட்டமாயினும் சென்னை மேலக்கோட்டையூராயினும், அவர்களைத் தேடிச் சென்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: முதல் நாள் உங்களைப் பிடித்துக்கொண்டவர் யார்? எப்போது கையை விட்டார்? வண்டி யாருடையது? பதிலை ஒலிப்பதிவு செய்து, தேதியும் இடமும் குறித்து வையுங்கள். வென்றவரின் நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கும் துறை இது. கற்றவரின் முதல் சுற்றுக்கு ஒரு வரியாவது அதில் இருக்கட்டும்.