இரத்தக் காட்டேரியும் வேட்டைக்காரரும்: ஒரு வீட்டின் கதை

இரத்தக் காட்டேரிக்கும் அதை வேட்டையாடும் பெண்ணுக்கும் காதல்! 1997 இல் தொடங்கிய 'பஃபி' தொலைக்காட்சித் தொடரும், 2022 இல் வந்த 'ஃபர்ஸ்ட் கில்' தொடரும் சொன்ன கதை இதுதான். ஆனால் வரலாற்றில் 'காட்டேரியும்' வேட்டைக்காரரும் ஒரே வீட்டில் இருந்ததுண்டு.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸெட்டர் என்ற ஊர். அங்கே ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயியின் மனைவியும் மூத்த மகளும் காசநோயால் இறந்தனர். 1892 ஜனவரியில் 19 வயது மகள் மெர்சியும் இறந்தாள். அதே நோயால் மகன் எட்வினும் மெலிந்துகொண்டே போனான்.

இறந்தவர்களில் ஒருவர்தான் அவன் உயிரை உறிஞ்சுகிறார் என்று ஊரார் நம்பினர். தந்தைக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவர்கள் வற்புறுத்தியதால் சம்மதித்தார். மார்ச் மாதம் உடல்களைச் சோதித்தார்கள். கடுங்குளிரால் மெர்சியின் உடல் அதிகம் அழுகவில்லை, இதயத்தில் இரத்தமும் இருந்தது. இது இயல்புதான், நுரையீரலில் காசநோய் இருக்கிறது என்றார் மருத்துவர். யாரும் கேட்கவில்லை. இதயத்தை எரித்து, சாம்பலை நீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவனும் இறந்தான்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882 இலேயே கண்டுபிடித்துவிட்டார். பத்து ஆண்டுகளாகியும் அந்த அறிவு எக்ஸெட்டர் மக்களின் பயத்தை வெல்லவில்லை.

கதைகளில் வேட்டைக்காரி தயங்கினால் காட்டேரி பிழைத்துக்கொள்ளும். ஜார்ஜ் பிரவுனும் தயங்கினார். ஆனால் அவர் மகளின் உடலை ஊர் விட்டுவைக்கவில்லை.