மலையக வாய்மொழிப் பாடலில் தன்குற்ற ஒப்புதல்: நமுனுகுலச் சாரலிலிருந்து ஒரு நோக்கு

'ஒப்புதற் கவிதை' என்னும் கருத்து 1959இல் அமெரிக்கத் திறனாய்வாளர் எம். எல். ரோசென்தால், றொபேட் லோவெலின் கவிதைகளை மதிப்பிடுகையில் வழக்கிற்கு வந்தது. வெளியிற் சொல்லத் தயங்கும் குற்றவுணர்வையும் உளச்சிதைவையும் குடும்பப் பகையையும் கவிஞன் தன்மையிடத்தில் நின்று உரைப்பதே அதன் இலக்கணமாகக் கொள்ளப்பட்டது. சில்வியா பிளாத் 1962இல் தந்தையை விளித்து எழுதிய கவிதை அவ்வகையின் உச்சமாகப் பேசப்படுகிறது. இத்தகைய கவிதை நவீன நகர்ப்புறத் தனிமனிதனுக்கே உரியது என்ற எண்ணம் நம் திறனாய்வாளரிடையேயும் உண்டு. மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாய்மொழிப் பாடலொன்றை முன்வைத்து அவ்வெண்ணத்தை மீள நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகமெங்கும் அறியப்பட்ட அப்பாடல் மிகச் சிறியது. ஊரை இழந்ததை முதலிற் கூறுகிறது. பனந்தோப்பை இழந்ததை அடுத்துக் கூறுகிறது. பேர்பெற்ற கண்டிக்கு வந்து, பெற்றவளையே மறந்துவிட்டதை இறுதியிற் கூறுகிறது. பாடுவது ஆணா பெண்ணா என்பதற்குப் பாடலிற் குறிப்பில்லை. இயற்றியவர் பெயரும் இல்லை. இதனைப் புலம்பெயர்ந்தோரின் ஊர் ஏக்கம் என்று ஒரு சொல்லில் வகைப்படுத்தி நகர்ந்துவிடுவது நம்மிடையே வழக்கமாயிற்று.

ஆயின் பாடலின் வினைச்சொற்கள் அவ்வளவு எளிதில் நம்மை நகர விடுவதில்லை. முதலிரு கூற்றுகளின் வினை இழத்தல். இறுதிக் கூற்றின் வினை மறத்தல். இழப்பு ஒருவருக்கு நேர்வது. அதற்கு அவர் பொறுப்பாளியாதல் வேண்டியதில்லை. மறதியோ, பாடுபவர் தம்மேல் தாமே சுமத்திக்கொள்ளும் குற்றம். எதுகையும் இயைபும் மூன்று கூற்றுகளையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றன. கேட்பவர் மூன்றாவதையும் இழப்பாகவே எதிர்பார்க்கும் வேளையில், குற்ற ஒப்புதல் வந்து விழுகிறது. பாடலின் இருண்மை முழுவதும் இந்த வினைமாற்றத்தில் அடங்கியுள்ளது.

படிமங்களை நோக்குவோம். நமுனுகுல மலை பதுளை மாவட்டத்தில் 2,000 மீற்றருக்கும் மேலாக உயர்ந்து நிற்பது. ஒன்பது சிகரங்கள் எனப் பொருள்படும் சிங்களப் பெயர் அதற்கு. அதன் சாரலிற் பனை இல்லை. தென்மேற்குக் கச்சான் இம்மலைகளைக் கடந்து வறண்டு வீசும் யூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்திலேயே ஊவாத் தேயிலை தன் சிறப்பான மணத்தைப் பெறுகிறது. ஆகவே பனந்தோப்பு என்பது கண்முன் உள்ள காட்சியன்று. கண்முன் உள்ள தேயிலைக்கு எதிராக நினைவிலிருந்து நிறுத்தப்படும் படிமம். பனை ஓலையும் பழமும் கிழங்கும் பதநீருமாக வாழ்வோடு கலந்தது. தேயிலை, பறிப்பவர் கையைக் கடந்து சந்தைக்குப் போவது. பயன் மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்குமிடையே மார்க்ஸ் கண்ட முரண்பாட்டை இப்பாடல் இரு தாவரங்களாகக் காண்கிறது எனலாம். அவற்றுள் ஒன்றை மட்டுமே பெயர் சொல்கிறது.

கண்டி என்ற பெயரும் கவனத்திற்குரியது. ஊவாவில் வேலை செய்தவருக்கும் வந்திறங்கிய நாடு 'கண்டிச் சீமை'யே. ஆள்கட்டிகள் விற்ற கனவின் பெயர் அது. அதனைப் 'பேர்பெற்றது' எனப் பாடலிற் சொல்வதில் உள்ள அங்கதம், தோட்டத்து லயத்தில் இருந்து கேட்போருக்கு விளக்கமின்றியே விளங்கியிருக்கும்.

பெற்றவளை மறந்தது யார் குற்றம்? இவ்வினாவிற்கு விடை பாடலுக்கு வெளியே, வரலாற்றில் உள்ளது. 1876-78 காலத்துப் பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்து நிலமற்றோரைப் பெருந்தொகையாக இலங்கைக்குத் தள்ளியது. கங்காணி கொடுத்த முற்பணம் கடலைக் கடக்குமுன்னரே கடனாயிற்று. தோட்டத்தை விட்டு நீங்குதல் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதெனின் கடன்தொகை குறித்த 'துண்டு' வேண்டியிருந்தது. துண்டுமுறை 1921இலேயே சட்டப்படி நீக்கப்பட்டது. கடனாற் கட்டுண்டு, கடிதம் எழுதவும் அறியாது, பெரட்டுக்களத்திற்கும் மலைக்குமிடையே நாளைக் கழித்தவர் தாயை மறக்கவில்லை. தாயிடம் செல்ல இயலாதவராக ஆக்கப்பட்டார். உற்பத்தி உறவுகள் இழைத்த பிரிவைத் தொழிலாளி தன் நெஞ்சின் குறையாக எண்ணுகிறார். அந்நியமாதலின் மிகக் கொடிய வடிவம் இதுவே.

இதனால் விட்டுவந்த ஊரைப் பொற்கால ஊராக நாம் கொள்ளலாகாது. சென்றவருட் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பனந்தோப்பு அவர்களின் உடைமையாக இருந்திருத்தல் அரிது. சாதிக் கொடுமையையும் பசியையும் பாடல் சொல்லாது விடுகிறது. அதுபோன்றே, தோட்டம் எழுந்த நிலத்தின் வரலாற்றையும் அது அறியாது. 1817-18 ஊவாக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் கொடுமையாக அடக்கினர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உரிமைப் பத்திரமற்ற நிலங்களை அரசுக்குரியனவாக்கியது. கண்டிய விவசாயி இழந்த நிலத்தில், ஊரிழந்த தமிழ்த் தொழிலாளி நிறுத்தப்பட்டார். இருவரையும் ஒருவர்க்கொருவர் பகையாக்கிய பிற்கால அரசியல் இவ்வுண்மையை மறைத்தது.

இனி வடிவம். தாலாட்டும் ஒப்பாரியும் ஓசையமைப்பால் நெருங்கிய உறவுடையன என்பது நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அறிந்தது. அடுக்கிவரும் கூற்றுகள், ஒரு சொல் மட்டும் மாறித் தொடரும் அடிகள், நீண்டு ஒலிக்கும் இறுதி என்பன இரண்டிற்கும் பொது. தாயை மறந்ததாகக் கூறுபவர், தாயிடம் கேட்ட ஓசையிலேயே அதனைக் கூறுகிறார். கூற்றை வடிவம் மறுக்கிறது. பிளாத்தின் கவிதையிலும் குழந்தைப் பாடலின் சந்தம் கொடிய பொருளைச் சுமப்பது ஒப்புநோக்கத்தக்கது. எனினும் அங்கு மகள் தந்தையைக் குற்றஞ்சாட்டுகிறாள். இங்கு பிள்ளை தன்னையே குற்றஞ்சாட்டுகிறது. அக்கவிதை அச்சில் வந்து தனித்து வாசிக்கப்படுவது. இப்பாடலோ பலர் வாயிற் பயின்றது. பலரும் 'நான்' என்று பாடும்போது அந்த 'நான்' ஒருவரது குற்றமாக நிற்பதில்லை. ஒப்பாரியில் பெண்கள் வட்டமாயிருந்து அழுது பாடும் வழக்கம், வேறெங்கும் சொல்லவியலாத முறைப்பாட்டைச் சொல்ல அவர்களுக்கு இடமளித்ததையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் தகும். பண்டைக் கவிதையின் கூட்டு வேர்களை ஜோர்ஜ் தொம்சன் 'மார்க்சியமும் கவிதையும்' என்ற நூலில் விளக்கியதை இவ்விடத்து நினைவுகூரலாம்.

இங்கு நமது பக்கத்துத் தவறொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். முற்போக்குத் திறனாய்வாளராகிய நாம் வாய்மொழிப் பாடல்களில் கங்காணியையும் துரையையும் எள்ளி நகையாடுபவற்றைத் தேடித் திரட்டினோம். அழுகைப் பாடல்களை விதிவாதம் என ஒதுக்கினோம். சி. வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனத் தொகுத்தளித்தபோதும், அவற்றைச் சான்றாகக் காட்டினோமேயன்றிக் கவிதையாக வாசித்தவர் சிலரே. எதிர்ப்பு உரத்த குரலில் மட்டுமே பேசும் என்பது நமது எதிர்பார்ப்பாயிருந்தது.

இப்பாடலின் வரலாறு இந்தியாவிலிருந்து வந்ததோடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது; எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்வதென 1974இல் முடிவாயிற்று. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படாமலே இவ்வெண்ணிக்கைகள் தீர்மானிக்கப்பட்டன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரித்த அப்பயணத்தில், இழந்த ஊர் எதுவென்பது தலைகீழாயிற்று. நமுனுகுலச் சாரலிற் பிறந்தவருக்குப் பனந்தோப்பு அந்நியம். தேயிலை மலையே ஊர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே குடியுரிமைக்கு வழிசெய்தது.

எனவே ஒப்பாரிப் பாடல்களைத் திரட்டுவோர் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுதல் போதாது. எத்தோட்டத்தில், எவருடைய சாவில், எவர் முன்னிலையில் பாடப்பட்டது என்பனவும் பதிவுபெறல் வேண்டும். யார் மறந்தார் என்ற வினாவிற்கு அம்மக்கள் தம்மையே காட்டிக்கொண்டனர். அவர்களை மறந்தவை இரண்டு அரசுகள் என்பதைச் சொல்லவேண்டிய கடமை ஆய்வாளராகிய நம்முடையது.